லேத்தைத் தொட்டால் ‘சுரீர்’ என்கிறது, ரப்பர் மேட் போட்டால் போதுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். கோவைப் பக்கம் ஆறு பேர் வேலை செய்யும் கடைசல் பட்டறை. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட். மழை ஆரம்பித்ததிலிருந்து ஒரு லேத்தைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. எல்லா நாளும் இல்லை, எல்லோருக்கும் இல்லை. ஒயர்மேன் வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, “லேசான லீக்கேஜ்தானுங்க, எம்.சி.பி. இருக்குது, ஒண்ணும் ஆகாது. ரப்பர் மேட் போட்டு நில்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். (எம்.சி.பி. என்பது அளவுக்கு மேல் கரன்ட் பாய்ந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்.) மேட் எவ்வளவு தடிமனாக வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி மேட்டைப் பற்றியது இல்லை என்று நினைக்கிறேன். இந்த லேசான ஷாக்கோடு வேலையை ஓட்டலாமா என்பதுதான் கேள்வி. ஓட்டக்கூடாது. ஒரு நாள்கூட ஓட்டக்கூடாது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் நூற்பாலை எலக்ட்ரிகல் பராமரிப்பில் இருந்தவன். சூப்பர்வைசர் தகுதிச் சான்று வைத்திருக்கிறேன். இப்போது தெரிந்தவர்களின் சின்னப் பட்டறைகளுக்குப் போய்ப் பார்த்துத் தருகிறேன். உங்கள் லேத்தை நான் பார்க்கவில்லை, அதனால் எங்கே கோளாறு என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்தே உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயங்கள் சில இருக்கின்றன. அவற்றை முதலில் சொல்கிறேன்.

‘லேசான லீக்கேஜ்’ என்ற சொல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஷாக் லேசாக இருந்ததால் கோளாறும் லேசானது என்று ஒயர்மேன் முடிவு செய்துவிட்டார். கணக்கு அப்படி வேலை செய்வதில்லை. லேத் பாடியில் முழு 230 வோல்ட் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தரையில், ரப்பர் செருப்போடு, காய்ந்த விரலால் லேசாகத் தொடுகிறீர்கள். தோல், செருப்பு, தரை எல்லாம் சேர்ந்து தடுப்பது இரண்டு லட்சம் ஓம் என்றால் உடம்பில் ஓடும் கரன்ட் 1 மில்லி ஆம்பியர் சொச்சம். ‘சுரீர்’ என்று இருக்கும், அவ்வளவுதான். அதே லேத், அதே கோளாறு. சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் சிந்திய தரையில் வெறுங்காலோடு ஒருவர் நிற்கிறார், கை வியர்த்திருக்கிறது, டெயில்ஸ்டாக் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறார். இப்போது மொத்தத் தடை இரண்டாயிரம் ஓமுக்கு இறங்கிவிடும். கரன்ட் 115 மில்லி ஆம்பியர். அதாவது நூறு மடங்கு. லேத்தில் எதுவும் மாறவில்லை, தொட்டவரின் காலும் கையும்தான் மாறியிருக்கின்றன. சில நாள் மட்டும், சிலருக்கு மட்டும் அடிக்கிறது என்று நீங்கள் சொன்னதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

115 மில்லி ஆம்பியர் என்பது எவ்வளவு? ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு எடுக்கும் கரன்ட்டே 40 மில்லி ஆம்பியருக்குக் குறையாது. மனித உடம்பு அரை மில்லி ஆம்பியரிலேயே கரன்ட்டை உணர ஆரம்பிக்கும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்ததை விட முடியாமல் போகும். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர் தன்னார்வலர்களை வைத்து இதை அளந்தார். பிடியை விட முடிகிற கடைசி அளவு ஆண்களுக்குச் சராசரியாக 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று கண்டார். விரலை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலுவானவை. கரன்ட் இரண்டையும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது கை தானாக மூடிக்கொள்கிறது. ‘கரன்ட் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு’ என்று நாம் சொல்வது இதைத்தான். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி கொஞ்ச நேரம் ஓடினால் மூச்சுத் தசைகள் இறுகும், இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்தும் வந்துவிடும். 100 மில்லி ஆம்பியர் ஒரு நொடிக்கு மேல் ஓடினால் இதயம் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கலாம். அப்படி நடுங்கும் இதயம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

அடுத்தது எம்.சி.பி. அது இருக்கிறது என்பதால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புவதுதான் பட்டறைகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு. எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்ற வந்தது. ஒயர் சூடாகி எரியாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு உங்கள் உடம்பில் ஓடும் 0.115 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. ‘எர்த் சரியாக இருந்தால் கரன்ட் எர்த்தில் பாய்ந்து எம்.சி.பி. விழுந்துவிடுமே’ என்று கேட்பீர்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம் ஊரில் சின்னப் பட்டறைக்கு இ.பி.யில் இருந்து வருவது மூன்று பேஸ், ஒரு நியூட்ரல். எர்த் குழி நாமே போட்டுக்கொள்வது. லேத்துக்குப் போகும் கேபிளில் பேஸ் ஒயர் தோல் உரிந்து பாடியில் ஒட்டிவிட்டது என்றால் கரன்ட் எர்த் ஒயர் வழியாக உங்கள் குழிக்கு வந்து, மண்ணுக்குள் போய், டிரான்ஸ்பார்மரின் எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். உங்கள் குழியின் தடை 5 ஓம், டிரான்ஸ்பார்மர் எர்த்தின் தடை 2 ஓம் என்று கொள்வோம். இது நல்ல குழிதான். மொத்தம் 7 ஓம். 230-ஐ 7-ஆல் வகுத்தால் சுமார் 33 ஆம்பியர். 32 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் 160-இல் இருந்து 320 ஆம்பியர் வரை பாய வேண்டும். 33 ஆம்பியரை அது நாள் முழுக்கத் தாங்கிக்கொண்டு நிற்கும். அத்தனை நேரமும் லேத் பாடியில் 33 பெருக்கல் 5, அதாவது சுமார் 165 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். எர்த் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, ஆனாலும் பாடியில் உயிர் எடுக்கும் வோல்டேஜ். கோளாறு ஸ்டார்ட்டருக்குப் பின்னால் மோட்டாரில் இருந்தால் ஓவர்லோட் ரிலே கொஞ்ச நேரத்தில் விழக்கூடும். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் என்பது நொடிக்கணக்கு. ஆளுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் ஆர்.சி.சி.பி. போகும் கரன்ட்டையும் திரும்பி வரும் கரன்ட்டையும் அது கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். போனது முழுதும் திரும்பி வந்தால் பேசாமல் இருக்கும். நடுவில் 30 மில்லி ஆம்பியர் எங்கோ வேறு வழியில், ஒரு ஆளின் உடம்பு வழியாகவோ எர்த் ஒயர் வழியாகவோ, ஒழுகினால் வெட்டிவிடும். 30 மில்லி ஆம்பியருக்கு 0.3 நொடிக்குள், அதைப்போல ஐந்து மடங்குக்கு 0.04 நொடிக்குள் வெட்ட வேண்டும் என்பது விதி. இதயத்துக்கு அபாயம் வரும் நேரத்துக்கு முன்பே அது வெட்டிவிடுகிறது. மேலே சொன்ன டால்சியல்தான் 1961-இல் அமெரிக்காவில் இந்த மாதிரிக் கருவி ஒன்றை உருவாக்கியவர். பிடியை விடும் அளவை அளந்தவரே அந்த அளவுக்குள் வெட்டும் கருவியையும் செய்தார் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் மனதைத் தொடும் விஷயம்.

ஆர்.சி.சி.பி. போட்டால் எர்த் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எர்த் இல்லாத லேத்தில் கோளாறு வந்தால் ஆர்.சி.சி.பி. சும்மா இருக்கும், ஏனென்றால் கரன்ட் ஒழுக வழியே இல்லை. யாராவது தொடும்போதுதான் வழி பிறக்கும், அப்போதுதான் அது விழும். உயிர் தப்பும், ஆனால் ஷாக் அடிக்கும். ஷாக்கில் கை உதறி ஓடும் சக்கில் போய்ப் பட்டால் என்ன ஆகும் என்று லேத்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எர்த்தும் சரியாக இருந்தால், கோளாறு வந்த நொடியே, யாரும் தொடுவதற்கு முன்பே அது விழுந்துவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பாதுகாப்பு. இன்னொரு நன்மையும் உண்டு. கோடையில் மண் காய்ந்து குழி 5 ஓமில் இருந்து 100 ஓமுக்கு ஏறிவிட்டாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும். 100 ஓம் பெருக்கல் 0.03 ஆம்பியர் வெறும் 3 வோல்ட். பாடியில் அதற்கு மேல் வோல்டேஜ் நிற்க அது விடாது.

சரி, இப்போது உங்கள் லேத்துக்கு வருவோம். உறுதியாகத் தெரிவது இரண்டு. ஒன்று, லேத் பாடிக்கும் நீங்கள் நிற்கும் தரைக்கும் நடுவில் வோல்டேஜ் இருக்கிறது. இரண்டு, எர்த் தன் வேலையைச் செய்யவில்லை. எர்த் ஒழுங்காக இருந்தால் சின்ன ஒழுகல் சத்தமில்லாமல் மண்ணுக்குப் போயிருக்கும், உங்கள் விரலுக்குத் தெரிந்தே இருக்காது. ஆக, பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு. எங்கோ இன்சுலேஷன், அதாவது கரன்ட் வெளியே கசியாமல் தடுக்கும் காப்பு, கெட்டிருக்கிறது, எங்கோ எர்த் அறுந்திருக்கிறது. எர்த் அறுந்தது மழைக்கு முன்பே நடந்திருக்கலாம். மழை ஈரம்தான் அதைக் காட்டிக் கொடுத்திருக்கிறது.

இனி வருவது என் ஊகம். இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் மெஷின் விளக்கு. லேத்தில் 24 வோல்ட் விளக்கு, தனி டிரான்ஸ்பார்மரோடு இருக்க வேண்டும். பழைய லேத்துகளில் அது கெட்டுப்போனதும் நேராக 230 வோல்ட் ஹோல்டரை மாட்டிவிடுவார்கள். வளைக்கும் கம்பிக்குள் ஒயர் தேய்ந்து தேய்ந்து தோல் போய்விடும். அடுத்தது கூலன்ட் பம்ப். டேங்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன மோட்டாரின் டெர்மினல் பாக்ஸ் மூடி பல இடங்களில் காணாமல் போயிருக்கும். மூன்றாவது மெயின் மோட்டார். மழையில் ஈரம் ஏறினால் வைண்டிங் இன்சுலேஷன் இறங்கும். இன்சுலேஷனை அளக்கும் கருவியான மெக்கரை 500 வோல்ட்டில் வைத்து அளந்தால் 1 மெகா ஓமுக்குக் கீழே இருக்கக்கூடாது. அதற்குக் கீழே போனால் மோட்டாரைக் கழற்றிக் காய வைத்துத் திரும்ப அளக்க வேண்டும்.

லேத்தில் வேகம் மாற்ற டிரைவ் மாட்டியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மாட்டியிருந்தால் இன்னொரு சாத்தியமும் உண்டு. டிரைவுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக எப்போதுமே கொஞ்சம் கரன்ட் எர்த்துக்குப் போகும். அது கோளாறில்லை, அதன் இயல்பு. எர்த் அறுந்தால் அந்தக் கரன்ட் போக இடமில்லாமல் பாடியில் வோல்டேஜாக நிற்கும். மல்டிமீட்டர் 100 வோல்ட்டுக்கு மேலே காட்டிப் பயமுறுத்தும், ஆனால் ஒரு குண்டு பல்பை லோடாகக் கொடுத்தால் வோல்டேஜ் விழுந்துவிடும். நிஜக் கோளாறு என்றால் பல்பு எரியும். இந்தச் சோதனையைத் தெரிந்த ஆள்தான் செய்ய வேண்டும், நீங்கள் செய்து பார்க்காதீர்கள். ஒயர்மேன் வைத்துப் பார்த்த நியான் டெஸ்டரால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது. அது இரண்டுக்கும் எரியும். ரப்பர் செருப்பு போட்டு, வெளிச்சத்தில் நின்று பார்த்தால் எரிவதே சரியாகத் தெரியாமலும் போகும்.

எர்த் எங்கே அறுந்திருக்கும்? மோட்டாரை எப்போதாவது ரீவைண்டிங்குக்குக் கழற்றியிருந்தால் அங்கேதான் முதலில் பார்ப்பேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலையில் சேர்ந்து சில வருடம் ஆனபோது மில்லில் காற்றுக்கு ஈரம் ஏற்றும் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் ஒரு பம்ப் மோட்டாரைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று ஹெல்பர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுனில் பார்க்கலாம் என்று நோட்டில் எழுதி வைத்தோம். வெள்ளிக்கிழமை அந்த அறையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தவர், வெறுங்காலோடு, நிமிரும்போது கையை அந்த மோட்டாரில் ஊன்றினார். கை ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த அப்ரென்டிஸ் பையன் அவரைப் பிடித்து இழுக்காமல் ஓடிப்போய் ஐசொலேட்டரை அணைத்தான். அதனால் பிழைத்தார். திறந்து பார்த்தால், மோட்டார் ரீவைண்டிங் போய் வந்தபோது எர்த் ஒயரை நாங்கள் திரும்ப மாட்டவே இல்லை. அது இல்லாமலும் மோட்டார் ஓடும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து ‘லேசாக அடிக்கிறது’ என்று யார் சொன்னாலும், முதலில் அந்த மெஷினை நிறுத்துவேன், அப்புறம்தான் நோட்டில் எழுதுவேன்.

உங்கள் பட்டறையில் வெல்டிங் செட் இருப்பதால் இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. வெல்டிங்கின் எர்த் கிளாம்ப்பை வேலைப்பொருளிலேயே கடிக்க வைக்காமல், பக்கத்தில் கிடைக்கும் இரும்பில், ஷெட் தூணில், சமயத்தில் லேத் பெட்டிலேயே மாட்டி வெல்டு அடிப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும் அந்தக் கரன்ட் தனக்குக் கிடைத்த வழியில் திரும்பும். லேத்தின் எர்த் ஒயர் வழியாகத் திரும்பினால் அந்த மெல்லிய ஒயர் உள்ளுக்குள்ளேயே உருகி அறுந்துபோகும், வெளியே தோல் மட்டும் முழுசாகத் தெரியும். கைகொண்டு இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். வெல்டிங்கைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். வெல்டிங் செட் சும்மா இருக்கும்போது ஹோல்டரில் 60-இல் இருந்து 80 வோல்ட் வரை நிற்கும். வியர்வையில் நனைந்த கையுறையோடு, இரும்புத் தொட்டிக்குள் உட்கார்ந்து ராடு மாற்றுபவருக்கு அது போதும், உயிர் போய்விடும்.

எர்த்தை நியூட்ரலோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார்களா என்றும் கட்டாயம் பாருங்கள். குழி வெட்டும் செலவை மிச்சப்படுத்த, போர்டுக்குள்ளேயே நியூட்ரலில் இருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து மூன்றாவது பின்னில் கொடுத்துவிடுவார்கள். டெஸ்டரில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். மழைக் காற்றில் வெளியே நியூட்ரல் அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பல்பு வழியாக வந்த பேஸ் கரன்ட் அந்தத் துண்டு ஒயர் வழியாக எல்லா மெஷின் பாடிக்கும் ஏறிவிடும். ஒரே நேரத்தில் பட்டறை முழுக்க. இப்படி ஒரு இணைப்பைப் பார்த்தால் அதைக் கொடுத்த ஒயர்மேனை மறுபடி கூப்பிடாதீர்கள்.

ரப்பர் மேட்டுக்கு என் பதில் சுருக்கமானது. மின்காப்பு மேட்டுக்கு ஐ.எஸ். 15652 என்று தனித் தரம் உண்டு, அது ஸ்விட்ச் போர்டு முன்னால் போட. கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் கறுப்பு ரப்பருக்கு அந்த உத்தரவாதம் இல்லை, சிலவற்றில் கார்பன் அதிகமாக இருந்து கரன்ட்டையே கடத்தும். தரமான மேட்டே வாங்கினாலும் லேத்துக்கு முன்னால் ஒரு வாரத்தில் அதன் மேல் கூலன்ட்டும் இரும்புச் சுருளும் படிந்துவிடும். அதோடு, ஒரு கை லேத்தில், இன்னொரு கை பக்கத்து டிரில்லிங் மெஷினில் என்றால் கரன்ட் கைக்குக் கை, நெஞ்சு வழியாகப் போகும். காலுக்குக் கீழே இருக்கும் மேட் அங்கே எதையும் தடுக்காது.

இனி செய்ய வேண்டியது. அந்த லேத்தை மட்டும் தனியாக மெயினிலிருந்து பிரித்து வையுங்கள். லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுங்கள். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுத்த சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. அவர் மெக்கரும் எர்த் டெஸ்டரும் எடுத்து வர வேண்டும், டெஸ்டரோடு மட்டும் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மூன்று பேஸ் மோட்டார் பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று காப்பாற்றும். இணைப்பு கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வாஷர் போட்டு இறுக்க வேண்டும். ஒரு மெஷினில் இருந்து அடுத்த மெஷினுக்கு எர்த்தைத் தாவ விடாமல், ஒவ்வொன்றுக்கும் எர்த் பட்டையில் இருந்து தனியாக எடுக்க வேண்டும். குழியின் ஓம் எவ்வளவு என்று அளந்து சுவரிலேயே தேதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள், கோடை முடிவில் ஒருமுறை திரும்ப அளங்கள். மழைக்காலத்தில் எல்லாக் குழியும் நல்ல எண்தான் காட்டும்.

ஆர்.சி.சி.பி.யை எப்படிப் பிரிப்பது என்பதில் மட்டும் ஆளுக்கு ஆள் கருத்து வேறுபடும். என் அனுபவத்தில், மொத்தப் பட்டறைக்கும் ஒரே 30 மில்லி ஆம்பியர் போட்டால் எல்லா மெஷினின் சின்னச் சின்ன ஒழுகலும் சேர்ந்து அடிக்கடி விழும். விழ விழ எரிச்சல் வரும். கடைசியில் யாரோ ஒருவர் அதை பைபாஸ் செய்துவிடுவார். அதனால் மெயினில் 100 அல்லது 300 மில்லி ஆம்பியர், பிளக் பாயின்ட்களுக்கும் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக 30 மில்லி ஆம்பியர் என்று பிரிப்பது நல்லது. மெயினில் இருப்பது கொஞ்சம் தாமதித்து விழும் வகையாக இருக்கட்டும், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து விழுந்து மொத்தப் பட்டறையும் நிற்கும். மூன்று பேஸுக்கு, நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் நாலு போல் வகை வேண்டும். டிரைவ் மாட்டிய மெஷினுக்குச் சாதாரண ஏ.சி. வகை ஆர்.சி.சி.பி. சரியாக வேலை செய்யாமல் போகலாம், எந்த வகை என்று டிரைவோடு வந்த புத்தகத்தில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். சில ஆயிரம் ரூபாய்ச் செலவுதான். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழவில்லை என்றால் மாற்றுங்கள். அதற்கும் எல்லை உண்டு. ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் அது உங்களை பல்பு என்று நினைத்துக்கொள்ளும், விழாது.

கை கிரைண்டரும் கை டிரில்லும் லேத்தைவிட ஆபத்தானவை, ஏனென்றால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேதான் வேலை செய்கிறோம். கருவியின் உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன், எர்த் தேவையில்லை. குறி இல்லாததற்கு மூன்று பின் கட்டாயம். ஒயர் நுனியைச் சீவி தீக்குச்சி வைத்து பிளக்கில் சொருகும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அதில் எர்த்தே கிடையாது, குச்சி நழுவினால் உயிரோடு இருக்கும் ஒயர் தரையில் கிடக்கும்.

ரிப்பேருக்குக் கை வைக்கும் முன் கரன்ட்டை நிறுத்துவது எல்லோருக்கும் தெரியும். நிறுத்தியதை இன்னொருவர் போட்டுவிடாமல் பார்ப்பதில்தான் கோட்டை விடுகிறோம். பழைய ஒயர்மேன்கள் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள். மிகச் சரியான பழக்கம். எம்.சி.பி. வந்த பிறகு அது போய்விட்டது. எம்.சி.பி.க்குப் பூட்டுப் போடும் கிளிப் கிடைக்கிறது, அதை மாட்டிச் சாவியை வேலை செய்பவர் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாளியிடம்கூடக் கொடுக்கக்கூடாது. அப்புறம், ஜெனரேட்டர் இருந்தால் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நாலு போல் வகையா என்று பாருங்கள். சேஞ்ச் ஓவர் இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டினால் கரன்ட் வெளியே போய், டிரான்ஸ்பார்மர் வழியாகத் திருப்பி ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் இ.பி. ஊழியரின் கையில் 11,000 வோல்ட்டாக நிற்கும்.

யாருக்காவது ஷாக் அடித்துக் கை ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று ஆறு பேருக்கும் சொல்லிக்கொடுங்கள். தொட்டு இழுக்கக்கூடாது. மெயினை அணைக்க வேண்டும், அதனால் மெயினுக்கு முன்னால் எதையும் அடுக்கி வைக்காதீர்கள். மெயின் தூரம் என்றால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடலாம். கூப்பிட்டுப் பார்த்துப் பதில் இல்லை, மூச்சும் இல்லை என்றால் ஒருவர் 108-க்கு போன் போடட்டும், இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100-இல் இருந்து 120 தடவை, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்த வேண்டும். தண்ணீர் கொடுப்பது, மண்ணில் படுக்க வைத்து மூடுவது எல்லாம் நேரத்தைத் தின்னும். எழுந்து உட்கார்ந்து ‘ஒண்ணும் இல்லைங்க’ என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுங்கள். உள்ளே தசை வெந்திருப்பது வெளியே தெரியாது. விபத்தில் உயிரோ உடலோ பாதிக்கப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அவர் வந்து பார்க்கும்வரை ஒயரைக் கழற்றாமல், இடத்தை மாற்றாமல், மெயினை மட்டும் அணைத்து வையுங்கள்.

நாளைக் காலை ஆட்கள் வருவதற்கு முன்பே போய் அந்த லேத்தின் இணைப்பைப் பிரித்துப் பூட்டிவிட்டு, ‘போடக்கூடாது’ என்று பெரிய எழுத்தில் ஒரு அட்டை எழுதித் தொங்கவிடுங்கள். கான்ட்ராக்டர் வந்து அளந்த பிறகு மூன்று எண்களை எனக்கு எழுதுங்கள்: மோட்டாரின் மெக்கர் அளவு, கூலன்ட் பம்பின் மெக்கர் அளவு, எர்த் குழியின் ஓம். டிரைவ் இருக்கிறதா, மோட்டாரைக் கடைசியாக எப்போது கழற்றினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவை கையில் இருந்தால், மேலே ஊகமாகச் சொன்னவற்றில் எது என்று என்னால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.